சைக்கிள் சக்கரமும் குயவர் சக்கரமும்

வில்லியனூர், பாகூர் கிராமங்களில் ஒரு மெதுவான பிரயாணம்

புதுச்சேரிக்குப் போய் வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும்: கடற்கரை, காந்தி சிலை, அரவிந்தர் ஆசிரமம், பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் வீடுகள். "வில்லியனூர் போனீர்களா? பாகூர் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். "ரயிலில் வரும்போது வில்லியனூர் என்று ஸ்டேஷன் பலகையில் படித்தேன்" என்பதற்கு மேல் பெரும்பாலோரிடம் பதில் இராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்கரைக்குப் போகிறவர் ஊருக்குத் திரும்பும்போது கடைவீதியில் அழகான மண் பொம்மை ஒன்றை வாங்குவார். சிவப்பு நிறத்தில் ஒரு பிள்ளையார், அல்லது ஒரு குதிரை. அந்தப் பொம்மைக்கு உயிர் கொடுத்த கைகள், அவர் நின்று பேரம் பேசும் கடையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கைகளை அவர் பார்த்ததில்லை. அந்தக் கைகளுக்கு உரியவரும் தம் பொம்மை யார் வீட்டு அலமாரிக்குப் போயிற்று என்பதை அறிந்ததில்லை.

இந்தப் பத்துக் கிலோமீட்டரைக் கடப்பதற்கு மோட்டார் வேண்டியதில்லை, பெட்ரோல் வேண்டியதில்லை. ஒரு சைக்கிள் போதும்.

புதுச்சேரி என்பது நகரம் மட்டுமா?

புதுச்சேரிப் பகுதி நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று ஐந்து கொம்யூன்கள் இருக்கின்றன. 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுச் சொல். பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதி என்று பொருள். 1880-ல் பிரெஞ்சு அரசாங்கம் இந்த ஏற்பாட்டைச் செய்தது. பிரெஞ்சுக்காரர் போய்விட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் "கொம்யூன் ஆபீஸ்" என்றுதான் சொல்லுகிறார்கள்.

நகரத்துக்கு மேற்கே வில்லியனூர். தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் பாகூர். வில்லியனூரிலிருந்து பாகூருக்கு நேராகவே ஒரு சாலை இருக்கிறது. உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம் என்று வயல்களுக்கு நடுவே போகும். தூரம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமவெளி. மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

மெதுவாகப் போவதில் லாபம்

காரில் போனால் என்ன என்று கேட்கலாம். போகலாம். ஆனால் காருக்குக் கண்ணாடி உண்டு, கதவு உண்டு, வேகம் உண்டு. குயவர் வீட்டு வாசலில் காயும் பானைகளைக் கண் பார்த்து மனம் அறிவதற்குள் கார் அடுத்த ஊருக்குப் போய்விடும். சந்துக்குள் நுழைந்தால் திரும்ப இடம் இராது. ஏரிக்கரையில் போய் நின்றால் சத்தத்தில் பறவைகள் எழுந்து பறந்துவிடும்.

நடந்து போகலாமா? நம் ஊர் வெயிலில் பத்துக் கிலோமீட்டர் நடந்த பிறகு பானையைப் பார்க்கும் ஆசை இராது. பானையில் உள்ள தண்ணீரைத்தான் மனம் தேடும்.

சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாவகாசமாக மிதித்தால் மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் போகலாம். நெல் அவிக்கும் வாசனை மூக்கில் ஏறும். "எந்த ஊருங்க?" என்று ஒரு பாட்டி கேட்டால், காலைத் தரையில் ஊன்றினால் போதும், பேச்சு ஆரம்பமாகிவிடும். கிராமத்துச் சாலையை அகலப்படுத்த வேண்டியதில்லை. வண்டி நிறுத்துவதற்கென்று ஒரு களத்தை அழிக்க வேண்டியதில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. ஊரைக் கெடுக்காமல் ஊரைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வாகனம் இன்னும் வரவில்லை.

மண்ணை மிதிக்கும் கால்கள்

சைக்கிள்காரர் மிதிக்கிறார். குயவரும் மிதிக்கிறார். ஒருவர் இரும்பை, மற்றவர் மண்ணை.

பானை செய்வது சக்கரத்தில் ஆரம்பிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைக்குப் பிறகு வருவது. முதலில் ஏரியிலும் ஆற்றோரத்திலும் எடுத்த களிமண்ணைக் காயவைத்து உடைக்கவேண்டும். கல்லும் வேரும் நீக்கவேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, அளவாக மணல் கலந்து, காலால் மிதித்துப் பதம் செய்யவேண்டும். மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் வடிவம் நிற்காது. அளந்து போடக் கரண்டி கிடையாது. உள்ளங்காலுக்கே அந்தக் கணக்குத் தெரியும்.

பிறகுதான் சக்கரம். சுழலும் மண் உருண்டையில் இரண்டு கட்டை விரல்களை அழுத்தினால் குழி விழுகிறது, குழி வாயாகிறது, வாய் விரிந்து சட்டியாகிறது. பார்க்கும் குழந்தைகள் கை தட்டுவார்கள். தாங்களே செய்து பார்த்தால்தான் தெரியும், அந்த மண் எப்படிப் பிடி கொடுக்காமல் கோணிக்கொண்டு ஓடும் என்று!

பொம்மைகளுக்கும் சிலைகளுக்கும் சக்கரம் மட்டும் போதாது. கையால் உருட்டி, ஒட்டி, தட்டிச் செய்யவேண்டும். கிராமத்து எல்லையில் அய்யனாருக்காக நிற்கும் பெரிய மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடம்பு உள்ளே கூடு. கால், வயிறு, கழுத்து என்று பகுதி பகுதியாகச் செய்து இணைப்பார்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகிக் குதிரையையே உடைத்துவிடும். ஆகவே ஆவி வெளியேறத் துளை வைப்பார்கள். நாள் கணக்கில் நிழலில் காயவைப்பார்கள். வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் வெளிப்புறம் முன்னே சுருங்கி விரிசல் விடும்.

கடைசியில் சூளை. பாண்டங்களை அடுக்கி, விறகும் வறட்டியும் வைக்கோலும் இட்டு, மேலே சேறு பூசி மூட்டம் போடுவார்கள். மண்ணில் இயற்கையாகவே இரும்புச் சத்து உண்டு. காற்றுப் படும்படி எரித்தால் அந்தச் சத்தே செக்கச் சிவந்த நிறத்தைத் தருகிறது. காற்றை அடைத்துப் புகையை உள்ளே தேக்கினால் பாண்டம் கறுக்கிறது. சிவப்புச் சட்டிக்கும் கறுப்புச் சட்டிக்கும் மண் ஒன்றேதான். நெருப்பை நடத்தும் விதம்தான் வேறு.

வில்லியனூர் வட்டாரத்தில் இந்த வேலை பரம்பரையாக நடந்து வருகிறது. இவ்வூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. மண்ணைத் தொட்ட கைக்கு டில்லியில் கிடைத்த மரியாதை அது.

பட்டம் இருக்கிறது, வாங்குபவர் எங்கே?

இன்னொரு மரியாதையும் கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, டார்ஜிலிங் தேயிலை என்று ஊர்ப் பெயரால் புகழ் பெற்ற பொருள்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தருவது புவிசார் குறியீடு. 1999-ல் இயற்றிய சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தது. 2010-11-ஆம் ஆண்டில் வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இந்தக் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்ப் பொம்மைகளுக்கும் கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை 'வில்லியனூர் வேலை' என்று பெயர் சொல்லி இனி விற்கக் கூடாது.

நல்லதுதான். ஆனால் குறியீடு என்பது வேலி. வேலி மாடு நுழையாமல் தடுக்கும். பயிரை அது வளர்க்காது. பயிர் வளரத் தண்ணீர் வேண்டும். கைத்தொழிலுக்குத் தண்ணீர், வாங்குகிறவர் கையில் இருக்கும் பணம்.

அந்தத் தண்ணீர் எப்படி வற்றிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சமையலறைக்கு அலுமினியம் வந்தது. பிறகு எவர்சில்வர் வந்தது. குடத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. மண்பாண்டத்துக்கு மிஞ்சியவை கார்த்திகைக்கு அகல் விளக்கு, பொங்கலுக்குப் பானை, கோடையில் தண்ணீர்ப் பானை, பூந்தொட்டி, பொம்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காயாது, சூளை எரியாது. ஆனால் விளக்குக்குக் கிராக்கியோ அதே கார்த்திகையில்! மழைக்கு முன்னே செய்து அடுக்கி வைக்க இடமும் முதலும் உள்ளவர் பிழைத்துக்கொள்வார். இல்லாதவர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்.

மண் பொருளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. அது பிரயாணம் செய்தால் உடையும். ஏற்றும்போது சில, இறக்கும்போது சில என்று உடைகிற நஷ்டமெல்லாம் கடைசியில் செய்தவர் தலையில்தான் விடியும். பொம்மை பிரயாணம் செய்வதைவிட, வாங்குகிறவர் பிரயாணம் செய்து வருவதே நல்லது. கிராமச் சுற்றுலாவின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

வேடிக்கை பார்த்தால் போதுமா?

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். சுற்றுலா என்றாலே கிராமத்துக்கு நன்மை என்று சொல்லிவிட முடியாது.

பத்துப் பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குயவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறார். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறார். போட்டோவுக்கு நிற்கிறார். மறுபடி சக்கரத்தைச் சுற்றிக் காட்டுகிறார். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. வந்தவர்கள், "அபாரம்! அற்புதம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு அவருக்கு ஒரு மணி நேரக் கூலி நஷ்டம். அற்புதம் என்ற சொல்லை உலையில் போட்டு வேகவைக்க முடியுமா?

இதையே வேறுவிதமாகச் செய்யலாம். சக்கரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கற்றுக்கொள்ள இவ்வளவு என்று கட்டணம் வைக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். மண்ணை வனையக் கற்றுத் தருகிறவரும் வாத்தியார்தானே? சைக்கிளில் எடுத்துப் போகத் தக்க அகல், சிறு பொம்மை, தட்டு ஆகியவற்றை விலை எழுதி வைக்கோலில் சுற்றி வைக்கலாம். பெரிய சிலை வேண்டுமென்பவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனால் பார்சலில் அனுப்பலாம். பணம் நேராகச் செய்தவர் கைக்கு வருகிறது. மகன் பார்க்கிறான். "அப்பா தொழிலுக்கும் மதிப்பு இருக்கிறது" என்ற எண்ணம் அவன் மனத்தில் விழுகிறது. தொழில் அடுத்த தலைமுறைக்குப் போவது அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

தேர் ஓடும் வீதி

வில்லியனூரில் மண் மட்டும்தான் விசேஷம் என்று நினைக்கவேண்டாம். ஊரின் நடுவே திருக்காமீசுவரர் கோயில் சோழர் காலச் சிறப்போடு நிற்கிறது. வைகாசி உற்சவத்தில் தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை கவர்னர் வடம் பிடிக்கிறார்.

அதே ஊரில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. 1877-ல் கட்டியது. பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில் 1858-ல் மாதா காட்சி தந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அதன் பிறகு இருபது வருஷத்துக்குள் வில்லியனூரில் கோயில் எழும்பிவிட்டது. முன்னால் ஒரு திருக்குளம். ஈஸ்டர் பண்டிகைக்குப் பின் நடக்கும் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வருவார்கள்.

ஊரை அடுத்துச் சங்கராபரணி ஆறு. அதன் கரையில் திருக்காஞ்சி. மாசி மகத்தன்று ஆற்றங்கரை முழுவதும் மனிதத் தலைகள். மற்ற நாட்களில் அமைதி. காற்று வாங்கிக்கொண்டு சைக்கிளைச் சாய்த்து வைத்து உட்காரலாம். வடக்கே போனால் ஊசுட்டேரி, புதுச்சேரியின் ஏரிகளில் மிகப் பெரியது. மழைக்காலம் முடிந்ததும் நாரைகளும் வாத்துகளும் வெகு தூரத்திலிருந்து வந்து இறங்கும். 2008-ல் புதுச்சேரி அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

178 பேர் கூடிய கிராமம்

வில்லியனூருக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே, கீழூர் என்ற சிற்றூர் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டிய இடம் இது.

இந்தியா 1947-ல் சுதந்திரம் அடைந்தது. புதுச்சேரி அப்போது அடையவில்லை. பிரெஞ்சுக் கொடி இன்னும் ஏழு ஆண்டுகள் பறந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்தவர் 178 பேர். இந்தியாவோடு சேரவேண்டும் என்றவர் 170 பேர். வேண்டாம் என்றவர் 8 பேர். துப்பாக்கி முழங்கவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல் நிறைவேறியது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். மற்ற நாட்களில் அங்கே கூட்டம் இல்லை. சரித்திரம் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போது இன்னொரு வினோதமும் புலப்படும். ஒரு சாலை புதுச்சேரியில் ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வந்துவிடும். பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் சண்டை போட்டும் பேரம் பேசியும் பங்கு பிரித்ததில், எல்லைக்கோடு கந்தல் துணி ஒட்டுப்போட்டது போல் ஆகிவிட்டது. அன்று எல்லையில் சுங்கச் சாவடி இருந்தது. இன்று கடைப் பலகையைப் படித்துத்தான் எந்த ராஜ்யத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டு பக்கமும் அதே வயல், அதே தமிழ்.

பாகூர்: ஏரியும் ஏடும்

தெற்கே இறங்கினால் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இதற்குப் பெயர். காரணம் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்களின் பெயரோடு சேர்த்து இந்த வாய்க்காலைப் பற்றி ஊரில் ஒரு கதை வழங்குகிறது. தண்ணீர் கொண்டுவந்தவரைத் தமிழர் மறப்பதில்லை.

பாகூர் மூலநாதர் கோயில் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவர் முழுவதும் கல்வெட்டுகள். ஏரியைப் பராமரிக்கவும் தூர் எடுக்கவும் ஊர்ச் சபையார் கவலைப்பட்டதை அவை காட்டுகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கவலை. இன்றைக்கும் அதே கவலைதான். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டத்தின் கீழ்ப் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீர்ப்படுத்தும் வேலை நடந்தது.

பாகூருக்கு இன்னொரு பெருமை செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு பெரிய கல்விச் சாலை இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்களைத் தானம் செய்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்லுகின்றன. ஊர் விளைச்சலில் ஒரு பங்கு படிப்புக்குப் போயிற்று. எழுத்துக்கு நெல் கொடுத்த ஊர் இது!

அந்த எழுத்து வற்றிவிடவும் இல்லை. கவிஞர் வாணிதாசன் 1915-ல் பிறந்தது வில்லியனூரில். வாழ்ந்தது பாகூருக்குப் பக்கத்துச் சேலியமேட்டில். பாரதிதாசனின் மாணவர். பள்ளி ஆசிரியர். 1974-ல் மறைந்தார். வயலையும் வானத்தையும் பாடிய அவர் பார்த்த வழியே இன்று சைக்கிள் போகிற வழி. நெற்கதிர் தலை சாய்ந்திருக்கும் தை மாதத்தில் இந்தச் சாலையில் போகிறவருக்கு அவர் ஏன் இயற்கைக் கவிஞர் ஆனார் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது வில்லியனூர்க் குயவரையும் பாகூர் ஏரியையும் சேர்த்துப் பாருங்கள். ஏரியில் வண்டல் படிந்தால் தண்ணீர் கொள்ளாது, உழவருக்குக் கஷ்டம். அந்த வண்டலும் களியும்தான் குயவருக்கு மூலப்பொருள். தூர் எடுத்தால் இருவருக்கும் லாபம். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2024-ல், உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் ஏரி மண்ணை இலவசமாக எடுக்கத் தாசில்தார் அனுமதியே போதும் என்று செய்தார்கள். ஏரியைத் தூர்த்து மனை போட்டால் உழவர், குயவர், நாரை மூவருக்கும் ஒரே நாளில் வீடு போய்விடும். பார்க்க வருகிறவருக்கும் அங்கே பார்க்க ஒன்றும் இராது.

பிற இடங்களில் நடந்தது

பிரான்ஸ் நாட்டில் லுவார் என்ற ஆற்றங்கரை ஓரமாகச் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் வழி போட்டிருக்கிறார்கள். பழைய கோட்டைகளையும் சிற்றூர்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அது இணைக்கிறது. அந்நாட்டில் சைக்கிள் வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள விடுதிகளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடமும், பழுது பார்க்கச் சாமானும் வைத்திருந்தால் 'சைக்கிள்காரருக்கு வரவேற்பு' என்ற பொருளில் ஓர் அடையாளப் பலகை கிடைக்கும். பலகையைக் கண்டதும் பிரயாணி இறங்கிவிடுவார். செலவு கொஞ்சம், பலன் பெரிது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் குமரகத்தில் 2008-ல் ஒரு முயற்சி ஆரம்பமாயிற்று. விடுதிகளுக்கு வேண்டிய காய்கறியை உள்ளூரிலேயே வாங்குவது, வருகிறவர்களுக்குக் கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் காட்டிக் கிராமத்தாருக்கு வருமானம் தருவது என்று வகை செய்தார்கள். 2017-ல் மாநிலம் முழுவதற்கும் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் என்று அதை விரித்தார்கள்.

சைக்கிளின் சக்திக்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் விடவும் கற்றார்கள். அப்படிக் கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டி, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் போனார்கள். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்பிள்ளைக்காகவும் காத்து நிற்பது ஒழிந்தது. வில்லியனூரிலும் பாகூரிலும் வழிகாட்டிகள் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து தேட வேண்டியதில்லை. சைக்கிள் விடத் தெரிந்த உள்ளூர்ப் பெண்களே சிறந்த வழிகாட்டிகள். எந்த வீட்டில் சூளை எரிகிறது, எந்தத் திண்ணையில் நல்ல மோர் கிடைக்கும், எந்தக் கரையில் வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்?

என்ன செய்யவேண்டும்?

புதுச்சேரி நகரத்தில் வாடகைச் சைக்கிள் தாராளமாகக் கிடைக்கிறது. காலை வேளையில் சைக்கிளில் நகரைச் சுற்றிக் காட்டுகிறவர்களும் உண்டு. நகரத்தோடு நின்றுவிடும் அந்தச் சக்கரங்களைக் கிராமத்துக்குத் திருப்பவேண்டும். அதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை.

முதலாவது, பெரிய சாலையை விட்டுக் கிராமத்துச் சாலைகளின் வழியாக ஒரு பாதையைத் தேர்ந்து, திரும்பும் இடமெல்லாம் தமிழில் கை காட்டிப் பலகை வைக்கவேண்டும். லாரிகள் ஓடும் விழுப்புரம் சாலையிலும் கடலூர்ச் சாலையிலும் சைக்கிளில் குடும்பத்தோடு போவது ஆபத்து. இரண்டாவது, வழியில் சுத்தமான கழிப்பிடமும் குடிதண்ணீரும் வேண்டும். இது இல்லாவிட்டால் பெண்களும் குழந்தைகளும் வரமாட்டார்கள். மூன்றாவது, சைக்கிள் பழுது பார்க்கும் உள்ளூர்க் கடைகளைப் பாதையோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். நான்காவது, சாப்பாடு. சுய உதவிக் குழுப் பெண்கள் மண்சட்டியில் குழம்பு வைத்து வாழை இலையில் பரிமாறினால் எந்த ஓட்டல் ஈடாகும்?

ஐந்தாவதுதான் முக்கியம். விலையையும் கட்டணத்தையும் நிர்ணயிக்கும்போது செய்கிறவர்களைக் கூட்டத்தில் உட்காரவைக்கவேண்டும். அவர்கள் இல்லாமல் போடும் திட்டம் அவர்களுக்கான திட்டம் ஆகாது.

போகிறவர்கள் கவனிக்க

மார்கழி, தை, மாசி நல்ல காலம். வெயில் மந்தம், வாசலெல்லாம் கோலம், வயலெல்லாம் கதிர். சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் விடியற்காலையில் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையைக் கேட்டுக்கொண்டு புறப்படவேண்டும். ஒரே நாளில் வில்லியனூர், பாகூர் இரண்டையும் பார்த்துவிட அவசரப்பட வேண்டாம். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்.

தண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் புட்டியை வயலில் எறியாதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். காயும் பாண்டத்தைத் தொடாதீர்கள். ஈரப் பானையில் பட்ட விரல் அடையாளம் சூளை வரைக்கும் போகும். அய்யனார் குதிரை விளையாட்டுச் சாமான் அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குழந்தைகள் சக்கரத்தில் கை வைத்தால் அதற்குரிய கட்டணத்தைக் கொடுங்கள். பேரம் பேச ஆசை வந்தால், நகரத்துக் கடையில் அதே பொம்மை என்ன விலை என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த கார்த்திகைக்கு வீட்டில் ஏற்றும் அகல் விளக்குகளை இந்த வருஷம் வில்லியனூரிலேயே போய் வாங்கி வரலாம். பன்னிரண்டு அகல் சைக்கிள் கூடையில் தாராளமாக அடங்கும். மேடு பள்ளத்தில் ஒன்று இரண்டு உடையும். ஆகையால் பதினைந்தாக வாங்குங்கள்.